சின்னப் பிள்ளைகளோடு சென்னையில் நாலு நாள்: ஊரிலிருந்து கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

நான் தென்காசிப் பக்கம். கல்யாணமாகி வந்து 14 வருடமாகச் சென்னையில் தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பரீட்சை அட்டவணை கொடுத்துவிட்டார்கள் என்றாலே ஊரிலிருந்து போன் வரத் தொடங்கிவிடும். “பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு மெட்ராஸ் வரலாம்னு இருக்கோம், எங்கெங்கே போகலாம்?” சித்தி, மதினி, கூடப் படித்தவர்கள், அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஆள்தான் மாறும், கேள்வி மாறாது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். இரண்டு வயதிலிருந்து எட்டு, ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது.

ரெண்டு நாள் போதாதா? சனி, ஞாயிறு வந்துட்டுப் போயிரலாம்னு பாக்கோம்.

பெரியவர்கள் மட்டும் என்றால் போதும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் போதாது. ராத்திரி முழுக்க ரயிலில் வந்த பிள்ளை முதல் நாள் காலையில் பாதித் தூக்கத்தில் இருக்கும். கடைசி நாள் பெட்டி கட்டுவதிலேயே போய்விடும். இரண்டு நாள் பயணத்தில் நடுவில் மிஞ்சுவது ஒரு பகல்தான், அதுவும் சனி ஞாயிறு கூட்டத்தில்.

நாலு பகல், மூன்று ராத்திரி தங்கல், போக வர ரயிலில் இரண்டு ராத்திரி. இது சரியாக வரும். ஐந்தாவது நாள் வேண்டாம் என்பது என் எண்ணம். அன்றைக்குப் பிள்ளைகள் வீட்டைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள்.

மே மாசந்தானே லீவு, அப்பதானே வர முடியும்?

முடிந்தால் அரையாண்டுப் பரீட்சை விடுமுறையில், டிசம்பர் கடைசி வாரத்தில் வாருங்கள். வெயில் இதமாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை அதற்குள் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். டிசம்பர் முதல் இரண்டு வாரத்தை மட்டும் நம்பாதீர்கள். 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் டிசம்பர் முதல் வாரத்தில்தான் வந்தன. பொங்கல் விடுமுறை நல்ல காலம், ஆனால் காணும் பொங்கலன்று கடற்கரைப் பக்கமும் வண்டலூர்ப் பக்கமும் பிள்ளையோடு போகவே போகாதீர்கள். அன்றைக்கு ஊரே அங்கேதான் இருக்கும்.

மே மாதம்தான் வழி என்றால் கத்திரிக்கு முன்னால் வந்துவிடுங்கள். மே 4 தொடங்கி 28 வரை அக்கினி நட்சத்திரம். அதைவிட ஏப்ரல் கடைசி கொஞ்சம் தேவலை. சென்னை வெயிலில் ஒரு சங்கதி உண்டு. மதியத்துக்குமேல் கடல்காற்று உள்ளே வந்துவிட்டால் சாயங்காலம் தாங்கிக்கொள்ளலாம், மேற்குக் காற்று அதைத் தடுத்துவிட்டால் அன்றைக்கு 40 டிகிரியைத் தாண்டும். அப்படிப்பட்ட நாளில் காலை பத்து மணிக்குமேல் பிள்ளைகளை வெளியே வைத்திருக்கக் கூடாது.

ரயில்ல வரவா, பஸ்ல வரவா? சின்னவனுக்கு டிக்கெட் எடுக்கணுமா?

ரயில்தான். பிள்ளை காலை நீட்டிப் படுக்கலாம், எழுந்து நடக்கலாம், கழிப்பறை உள்ளேயே இருக்கிறது. 60 நாளைக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடும். பொதிகை, நெல்லை, பாண்டியன் மாதிரி ராத்திரி வண்டிகளில் விடுமுறை நாள் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் திறக்கும் நாளன்றே உட்கார்ந்து குறித்துவிடுங்கள்.

5 வயது நிறையாத பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம், ஆனால் படுக்கை தரமாட்டார்கள். 5 வயதிலிருந்து 12 நிறையும்வரை படுக்கை வேண்டாமென்றால் அரைக் கட்டணம், படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு அரை டிக்கெட் எடுத்து மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். ஒரே படுக்கையில் அம்மாவும் பிள்ளையும் ஒண்டிப் படுத்தால் இருவருக்கும் தூக்கம் இல்லை, மறுநாள் காலை முழுக்கச் சிணுங்கல். இன்னொன்று: எழும்பூர் நிலையத்தில் கட்டுமான வேலை நடப்பதால் சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்திவிடுவது உண்டு. டிக்கெட்டில் கடைசி நிலையம் எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் வந்தால் தென்மாவட்ட அரசுப் பேருந்துகள் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடும். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த நிலையம் அது. கோயம்பேடு வரை போகும் என்று பழைய நினைப்பில் பிள்ளையைத் தூங்கவைத்துவிடாதீர்கள். அங்கிருந்து மாநகரப் பேருந்து பிடித்து நகருக்குள் வர ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும்.

எங்கே தங்கலாம்? எழும்பூர் லாட்ஜா, இல்ல தாம்பரத்துல உங்க வீடா?

எங்கள் வீட்டுக்கு எப்போதும் வரலாம், அது தனி. அறை எடுக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: எழும்பூர் வசதி. ஊருக்குத் திரும்பும் ரயில் அங்கே, மெட்ரோ அங்கே, தாம்பரம் செல்லும் எலெக்ட்ரிக் ட்ரெயின் அங்கே, அருங்காட்சியகம் அங்கே. அரசு குழந்தைகள் மருத்துவமனையும் எழும்பூரில்தான். அது தேவைப்படக் கூடாது, ஆனால் பக்கத்தில் இருப்பது ஒரு தைரியம். தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் சொந்தக்காரர் வீடு இருந்தால் வண்டலூருக்கு அது கிட்டம், நகரத்துக்குள் வருவதுதான் தூரம்.

அறையைப் படத்தில் பார்த்துக் குறிக்காதீர்கள், போன் பண்ணி மூன்று விஷயம் கேளுங்கள். லிஃப்ட் வேலை செய்கிறதா? வெந்நீர் எந்த நேரம் வரும்? காலை ஆறு மணிக்கு வந்தால் அறை கொடுப்பீர்களா? எங்கள் சித்தப்பா குடும்பத்துக்கு ஒரு விடுதியில் நாலாவது மாடி கொடுத்தார்கள். லிஃப்ட் பழுது. நாலு நாளும் தூங்கிய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார்கள். சித்தப்பா இன்றைக்கும் சென்னை என்றால் அந்தப் படிக்கட்டைத்தான் சொல்வார்.

ஒரு நாளைக்கு எத்தனை இடம் பாக்கலாம்? நான் ஒரு லிஸ்ட் போட்டு வச்சிருக்கேன், நாளைக்கு அஞ்சு வருது.

ஒன்று. காலையில் ஒரு இடம், மதியம் அறைக்குத் திரும்பிச் சாப்பாடும் தூக்கமும், சாயங்காலம் திடல், கடற்கரை, பூங்கா என்று பிள்ளைகள் ஓடக்கூடிய ஓரிடம். சாயங்காலத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை, ஏனென்றால் அங்கே பார்க்க வேண்டியது எதுவும் இல்லை, விளையாட வேண்டியதுதான்.

இதைச் சொன்னால் எல்லோரும், “அவ்வளவு செலவழிச்சு வந்துட்டு மதியம் ரூம்ல தூங்கவா?” என்பார்கள். ஆமாம், தூங்கத்தான். நாளின் அளவைத் தீர்மானிப்பது கடைசிப் பிள்ளையின் மதியத் தூக்கம். அதைத் தவறவிட்டால் நாலு மணிக்கு எங்கே நின்றாலும் அந்த இடம் உங்களுக்கு இல்லை. பிள்ளை தரையில் உட்கார்ந்து அழும், மூத்தது முறைக்கும், வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். நீங்கள் போட்ட ஐந்து இடத்தில் மூன்றாவதிலேயே இது நடக்கும்.

என் அண்ணன் மகனுக்கு நாலு வயதில் வண்டலூர் காட்டினோம். நீர்யானைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒருவர் நீளமான ரப்பர்க் குழாயை வைத்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயில் ஓர் ஓட்டை. அதிலிருந்து தண்ணீர் விசிறி மாதிரி பீய்ச்சி, வெயிலில் சின்னதாக ஒரு வானவில். பையன் இருபது நிமிடம் அசையவில்லை. அவர் குழாயை இழுக்க இழுக்க இவனும் கூடவே நகர்ந்தான். அண்ணன் நாலு தடவை “புலி பாக்கப் போலாம்டா” என்றான். ஐந்தாவது தடவை கூப்பிட வாயெடுத்தவனை மதினி கையைப் பிடித்து நிறுத்தினாள். ஊருக்குப் போய் ஆச்சியிடம் அவன் முதலில் சொன்னது அந்தக் குழாயைத்தான். அந்த இருபது நிமிடத்துக்கு இடம் இருக்கிற மாதிரி நாளைப் போடுங்கள்.

எது எது என்னைக்கு லீவு? போன தடவை போய்க் கேட்டைப் பாத்துட்டுத் திரும்பினோம்.

வண்டலூர் உயிரியல் பூங்கா செவ்வாய்க்கிழமை விடுமுறை. கிண்டி சிறுவர் பூங்காவும் அதை ஒட்டிய பாம்புப் பண்ணையும் அதே செவ்வாய்தான். எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளி. கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணை திங்கள், மெரினா கலங்கரை விளக்கமும் திங்கள். பண்டிகை நாட்களில் மாற்றம் இருக்கலாம், அதனால் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் புதன்கிழமை காலை வந்து இறங்குவதுதான் நல்லது என்று தெரியும்.

சரி, நீயே ஒரு திட்டம் போட்டுக் குடு.

செவ்வாய் ராத்திரி ரயில் ஏறுங்கள். புதன் காலை இறங்கி, குளித்து, இட்லி சாப்பிட்டு, எல்லோரும் தூங்குங்கள். சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரை, அவ்வளவுதான் முதல் நாள். வியாழன் காலை வண்டலூர், வாசல் திறக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும் முழு நாள் வெளியே: கார் எடுத்து விடிகாலையில் மகாபலிபுரம், திரும்பும் வழியில் முதலைப் பண்ணை. மதியத் தூக்கம் காரிலேயே ஆகிவிடும். சனிக்கிழமை காலை கிண்டி சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும், மதிய வெயிலுக்குக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் அல்லது கோளரங்கம். ஞாயிறு காலை அருங்காட்சியகம், ராத்திரி ரயில்.

மூன்று ராத்திரி என்றேன், இதில் நாலு வருகிறது என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். புதன் தூங்கத்தானே போகிறது, அதை நான் நாளாக எண்ணவில்லை. மூன்றே ராத்திரிதான் முடியும் என்றால் வெள்ளிக்கிழமை மகாபலிபுரத்தை எடுத்துவிட்டு, கிண்டியை அன்றைக்கு மாற்றிச் சனிக்கிழமையே கிளம்புங்கள்.

இதில் ஒரு இடத்தைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை யாரும் தங்கள் பட்டியலில் வைப்பதில்லை. அங்கே சிறுவர்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, நடுவில் ஒரு பெரிய செயற்கை மரம். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படப் புத்தகம் புரட்டலாம். குளுகுளுவென்று இருக்கும். உள்ளே போகக் காசு இல்லை. வெயில் உச்சியில் இருக்கும் இரண்டு மணி நேரத்துக்கு இதைவிட நல்ல இடம் சென்னையில் எனக்குத் தெரியாது.

வண்டலூர் பெருசாச்சே, பிள்ளைங்க நடந்துருவாங்களா?

நடக்க மாட்டார்கள். 602 ஹெக்டேர் அது. 1855-இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய விலங்குக் காட்சிசாலைதான் இடம் போதாமல் 1985-இல் இங்கே வந்தது. அதனால் கூண்டுக்குக் கூண்டு தூரம் அதிகம். உள்ளே பேட்டரி வண்டி ஓடுகிறது, அதில் ஏறி ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் எதைப் பார்த்துக் குதித்தார்களோ அந்த இடத்துக்கு மட்டும் திரும்ப நடந்து போங்கள். எல்லாக் கூண்டையும் பார்த்தே தீர வேண்டும் என்று நடத்தினால் பதினொரு மணிக்குத் தூக்கச் சொல்வார்கள்.

பாதை நல்ல பாதை, தள்ளுவண்டி இருந்தால் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பை, பாக்கெட் நொறுக்குத்தீனி எல்லாம் வாசலிலேயே தடுப்பார்கள். தின்பண்டத்தை எவர்சில்வர் டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். எழும்பூரிலிருந்து வருகிறவர்கள் செங்கல்பட்டு செல்லும் எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஏறினால் வண்டலூரிலேயே இறங்கலாம். எல்லா வண்டியும் தாம்பரத்தைத் தாண்டாது, ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மெரினாவுல பிள்ளைங்களைக் கடல்ல இறக்கலாமா? முட்டளவு தண்ணியிலதான்.

வேண்டாம். நமக்குத் தெரிந்த ஆற்றுத் தண்ணீரும் அருவித் தண்ணீரும் வேறு, இது வேறு. மெரினாவில் கரை சட்டென்று சரியும், அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். முட்டளவு என்று நினைத்து நிற்கிறவர் அடுத்த அலையில் இடுப்பளவில் இருப்பார். அங்கே குளிக்கத் தடை இருக்கிறது, காவலர்கள் விசில் ஊதிக்கொண்டே இருப்பார்கள். குதிரையில் ஏற்றுங்கள், மணலில் குழி தோண்டவிடுங்கள், சுண்டல் வாங்கிக் கொடுங்கள். கால் நனைத்தே ஆக வேண்டும் என்றால் பிள்ளைக்கு ஒரு பெரியவர், கையைக் கோத்துப் பிடித்துக்கொண்டு, அலை வந்து ஓய்கிற கோட்டில் மட்டும்.

சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்று சிலர் வருகிறார்கள். கிழக்குக் கடல் இது, உதயம்தான் பார்க்கலாம். பிள்ளைகள் எப்படியும் ஐந்தரைக்கு எழுந்துவிடுவார்கள், அப்படி எழுந்த நாளில் கூட்டிப்போங்கள்.

மகாபலிபுரம் வெறும் கல்லுதானே? பிள்ளைங்களுக்கு என்ன இருக்கு அங்கே?

பிள்ளைகளுக்குத்தான் நிறைய இருக்கிறது, நாம் காட்டும் விதத்தில் இருக்கிறது. பல்லவர் வரலாற்றைச் சொல்லத் தொடங்காதீர்கள். அர்ச்சுனன் தபசு பாறைக்கு முன்னால் நிறுத்தி, “இதில் ஒரு பூனை இருக்கிறது, கண்டுபிடி” என்று சொல்லுங்கள். பெரிய யானைக்குக் கீழே, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, ஒட்டிய வயிற்றோடு, முனிவர் மாதிரி தவம் செய்கிற பூனை. சுற்றிலும் எலிகள். என் மகள் அதைக் கண்டுபிடித்ததும் தானும் அதே மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அப்புறம் வீட்டுக்கு வந்தும் ஒரு வாரம் நின்றாள்.

ஐந்து ரதத்தில் நிஜ யானை அளவுக்கு ஒரு கல் யானை இருக்கிறது. வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு எடை சுமார் 250 டன் சொல்கிறார்கள். பிள்ளைகள் அதைக் கையால் தாங்கிப் பிடிப்பது போல நிற்பார்கள், பக்கத்துச் சரிவில் சறுக்குவார்கள், போதும். கல் சூடேறிவிடும் என்பதால் பத்து மணிக்குள் முடித்துவிட்டுக் கிளம்புங்கள். 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணை வரும் வழியில் வடநெம்மேலியில் இருக்கிறது. மரநிழல் நிறைய. ஆனால் தடுப்புச் சுவரில் பிள்ளைகளை உட்காரவைத்துக் காட்டுவது, படமெடுப்பது இரண்டும் கூடவே கூடாது.

ஊருக்குள்ள எதுல போய் வர்றது? ஆட்டோக்காரங்க நிறையக் கேப்பாங்களே?

முடிந்த இடத்துக்கெல்லாம் மெட்ரோவில் போங்கள். 90 சென்டிமீட்டருக்குக் குறைவான பிள்ளைக்குக் கட்டணம் இல்லை, எல்லா நிலையத்திலும் லிஃப்ட் இருக்கிறது. டிக்கெட்டை வாட்ஸ்அப்பிலேயே எடுத்துவிடலாம். விமான நிலையம் போகும் நீலத் தடத்தில் சைதாப்பேட்டை தாண்டியதும் வண்டி சுரங்கத்திலிருந்து சட்டென்று வெளியே வந்து மேலே ஏறும். அந்த இடத்தில் பிள்ளைகளை ஜன்னலோரம் நிற்கவையுங்கள். மெட்ரோவில் போவதையே ஒரு சாயங்காலத்துக்கான சுற்றுலாவாக வைத்துக்கொள்ளலாம்.

மாநகரப் பேருந்தில் 5 வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம், சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கும் இலவசம். எலெக்ட்ரிக் ட்ரெயின், பஸ் இரண்டிலும் காலை எட்டிலிருந்து பத்து, மாலை ஐந்திலிருந்து எட்டு மணி வரை பிள்ளையோடு ஏற வேண்டாம். ஆட்டோ, கார் என்றால் செயலியில் கூப்பிடுங்கள், பேரம் பேச வேண்டியிருக்காது. மெட்ரோ போகாத கடைசி இரண்டு, மூன்று கிலோமீட்டருக்கு அது போதும்.

சாப்பாடு ஒத்துக்குமா? அங்கே தண்ணி வேறயாச்சே.

நாலு நாளும் பிள்ளைகளுக்கு இட்லி, இடியாப்பம், தயிர்சாதம், வாழைப்பழம் என்று போனால் ஒரு குறையும் வராது. புதுச் சாப்பாட்டைப் பெரியவர்கள் சாப்பிடுங்கள். திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் இட்லி மூழ்கச் சாம்பார் ஊற்றுவார்கள், பிள்ளைகளும் அதை விரும்பிச் சாப்பிடுவார்கள். கடற்கரை பஜ்ஜியைச் சூடாக எடுத்த உடன் கொடுங்கள், வெட்டி வைத்த மாங்காயும் ஐஸ் போட்ட சர்பத்தும் வேண்டாம். தண்ணீருக்கு அறையிலேயே ஒரு 20 லிட்டர் கேன் சொல்லிவிடுங்கள், பாட்டிலில் நிரப்பிக்கொண்டு கிளம்பலாம்.

அடிக்கடி பாத்ரூம் கேப்பான். வெளியே என்ன பண்றது?

கிளம்பும்போதும், ஓரிடத்துக்குள் நுழைந்ததும், அங்கிருந்து கிளம்பும்போதும் கூட்டிப்போங்கள், பிள்ளை கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். மெட்ரோ நிலையங்களில் கழிப்பறை சுத்தமாக இருக்கிறது. கடற்கரைக்குப் போகும் முன் ஹோட்டலில் டிபன் முடித்து, அங்கேயே போய்விட்டு வருவது எங்கள் வழக்கம். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கப் பெரிய பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறை இருக்கிறது.

தி.நகர் போகாம எப்படித் திரும்புறது?

போங்கள், பிள்ளைகள் இல்லாமல் போங்கள். சனிக்கிழமை மதியம் நூலகத்துக்குப் பதிலாக அவர்களும் அப்பாவும் அறையில் தூங்கட்டும். நீங்கள் மாம்பலத்தில் இறங்கினால் நிலையத்திலிருந்தே ஆகாய நடைபாதை இருக்கிறது, நெரிசலில் சிக்காமல் வெளியே வரலாம். ரங்கநாதன் தெருவில் இடுப்பு உயரப் பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் பைகளும் கால்களும்தான். அங்கே பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தீம் பார்க் கேட்டு அழுதுட்டே இருக்கான் மூத்தவன்.

அவன் உயரத்தை அளந்து பாருங்கள். பெரிய விளையாட்டுகளுக்கெல்லாம் உயர வரம்பு உண்டு. வரம்புக்குக் கீழே இருந்தால் முழுக் கட்டணமோ பாதியோ கட்டி, வாசலில் நின்று மற்றவர்கள் ஏறுவதைப் பார்த்துவிட்டு வருவான். அந்த ஏமாற்றம் பெரியது. இன்னும் இரண்டு வருடம் கழித்துக் கூட்டிப்போகலாம். அதுவரைக்கும் கதீட்ரல் சாலையில் 2024-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா போதும், எதிரிலேயே செம்மொழிப் பூங்கா.

ஒண்ணுக்கு ரெண்டு வயசு, ஒண்ணுக்கு எட்டு வயசு. ரெண்டையும் எப்படிச் சமாளிக்க?

எல்லோரும் எப்போதும் ஒன்றாகவே போக வேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். மேலே சொன்ன மதியத் தூக்கம் சின்னதுக்குத்தான். அந்த நேரத்தில் அப்பாவோ அம்மாவோ ஒருவர் பெரியதை மட்டும் அழைத்துக்கொண்டு போகலாம். கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் இதற்குத் தோதான இடம். தமிழ்க் காட்சிக்கும் ஆங்கிலக் காட்சிக்கும் தனித்தனி நேரம், பார்த்துப் போங்கள். இருட்டில் சின்னது பயந்து அழும், எட்டு வயதுப் பிள்ளை அண்ணாந்த கண்ணை எடுக்காது. நாலு நாளில் ஒரு தடவையாவது பெரிய பிள்ளைக்கு ஒரு ஆள் முழுசாகக் கிடைக்க வேண்டும். “தம்பி தூங்குறான், சத்தம் போடாதே” என்பதையே கேட்டுக் கேட்டு வளர்கிற பிள்ளை அது.

கூட்டத்துல பிள்ளை கைய விட்டுருச்சுன்னா?

தினமும் கிளம்பும்போது அன்றைக்குப் போட்டிருக்கும் உடையோடு பிள்ளையைப் படமெடுத்து வையுங்கள். என்ன நிறச் சட்டை என்று பதற்றத்தில் ஞாபகம் வராது. மணிக்கட்டின் உள்பக்கம் பேனாவால் உங்கள் போன் நம்பரை எழுதுங்கள். “அம்மாவைக் காணோம்னா நடக்காதே, நின்ன இடத்துலேயே நில்லு, போலீஸ் மாமாகிட்ட இல்லைன்னா பிள்ளையோட நிக்கிற ஒரு அம்மாகிட்ட கையைக் காட்டு” என்று ரயிலிலேயே இரண்டு தடவை சொல்லி, நடித்தும் காட்டுங்கள். உங்களுக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098. தேடும்போது ஒருவர் காணாமல்போன இடத்திலேயே நிற்க வேண்டும், மற்றவர் தேட வேண்டும்.

நடுவுல காய்ச்சல் வந்துட்டா, மழை பிடிச்சுட்டா?

அந்த நாளை விட்டுவிடுங்கள். மறுநாளில் இரண்டு நாள் வேலையைத் திணிக்காதீர்கள். காய்ச்சல் மருந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வெப்பமானி மூன்றையும் ஊரிலிருந்தே, உங்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாளில் எழுதி எடுத்துவாருங்கள். மழை என்றால் நூலகமும் அருங்காட்சியகமும் மெட்ரோவும் இருக்கின்றன.

மாமியாரும் வர்றாங்க. அவங்களுக்குக் கோயிலுக்குப் போகணும்.

கோயிலையும் பிள்ளைகள் விளையாடும் இடத்தையும் ஒரே சாயங்காலத்தில் சேர்த்துவிடுங்கள். பெசன்ட் நகரில் அஷ்டலட்சுமி கோயில் கடலை ஒட்டியே இருக்கிறது. அத்தை தரிசனம் முடித்து வரும்வரை பிள்ளைகள் மணலில் இருப்பார்கள். மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போனால் அங்கிருந்து மெரினா கலங்கரை விளக்கம் கிட்டம், லிஃப்ட் இருப்பதால் அவர்களும் மேலே வரலாம். மதியம் கோயில் நடை சாத்தியிருக்கும் என்பதால் நாலு மணிக்குமேல் கிளம்பினால் போதும். வண்டலூருக்கு அவர்கள் வரவில்லை என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம், அந்தக் காலையில் அறையில் இருக்கட்டும்.

சென்னையில சொந்தக்காரங்க ஏழு வீடு இருக்கு. ஒரு வீட்டுக்குப் போயி இன்னொரு வீட்டுக்குப் போகலைன்னா வருத்தப்படுவாங்களே?

இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான கேள்வி. ஏழு வீடு ஏழு திசையில் இருக்கும், ஒரு வீட்டுக்குப் போய் வர அரை நாள். பிள்ளைகளுக்கு அது சோபாவில் அடங்கி உட்கார்ந்திருக்கும் அரை நாள். நான் சொல்லும் வழி இது: கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஏழு வீட்டுக்கும் நீங்களே போன் போட்டு, “புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பெசன்ட் நகர் கடற்கரையில் இருப்போம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்” என்று சொல்லுங்கள். முந்திச் சொல்வது முக்கியம். வந்து இறங்கிய பிறகு தெரிந்தால்தான் மனசு வலிக்கும்.

போன மே மாதம் எங்கள் மதினி இப்படிச் செய்தாள். ஐந்து குடும்பம் வந்தது. ஒருத்தர் புளியோதரை, ஒருத்தர் சுண்டல். பத்துப் பதினோரு பிள்ளைகள் இருட்டும்வரை மணலில் ஓடின. வயதான பெரியப்பா வீட்டுக்கு மட்டும் தனியாகப் போய்க் காலில் விழுந்துவிட்டு வந்தாள். அது போக வேண்டிய வீடு.

கடைசி நாள் காலையிலேயே ரூமைக் காலி பண்ணணும், ராத்திரிதான் ரயில். பகல் முழுக்கப் பிள்ளைங்களை வச்சுட்டு என்ன பண்ண?

பெட்டிகளை எழும்பூர் நிலையத்துப் பொருள் வைப்பறையில் போட்டுவிடுங்கள். பெட்டிக்குப் பூட்டு இருந்தால்தான் வாங்குவார்கள், ரயில் டிக்கெட்டையும் காட்ட வேண்டும். கையில் ஒரே ஒரு பை: பிள்ளைகளுக்கு ஒரு மாற்று உடை, துண்டு, தண்ணீர், விரிப்பு. அருங்காட்சியகத்துக்கு ஆட்டோவில் ஐந்து நிமிடம். திமிங்கில எலும்புக்கூட்டையும் சிறுவர் அருங்காட்சியகத்தையும் பார்த்தால் மதியம் ஆகிவிடும். வெண்கலச் சிலைகளைப் பார்க்க உங்களுக்கு ஆசை இருந்தால் ஒருவர் பிள்ளைகளோடு வெளியே மரநிழலில் இருக்க, மற்றவர் போய்வாருங்கள், பிறகு ஆள் மாற்றிக்கொள்ளுங்கள்.

மதியத் தூக்கத்துக்குத்தான் இடம் வேண்டும். சொந்தக்காரர் வீடு எழும்பூருக்கு அருகில் இருந்தால் அந்த ஒரு வீட்டுக்கு அன்றைக்குப் போகலாம். இல்லையென்றால் விடுதியிலேயே அரை நாள் வாடகை கொடுத்து அறையை மாலை வரை நீட்டிக்கக் கேளுங்கள், அந்தப் பணம் வீணில்லை. ஏழு மணிக்கு இட்லி கொடுத்து, முகம் கால் கழுவி, இரவு உடையைப் போட்டே நிலையத்துக்குக் கூட்டிவாருங்கள். வண்டி தாம்பரம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார்கள்.